பத்தாயிரம் ரூபாய்க்குள் முதல் கிட்டார்: எதை வாங்கலாம்?

வைகைக்கரை (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். கிட்டார் கத்துக்கணும்னு காலேஜ் நாள்லேருந்து ஆசை. இப்பதான் வேலை நிரந்தரமாச்சு, அதுக்குன்னு பத்தாயிரம் ரூபாய் தனியா எடுத்து வெச்சிருக்கேன். வயசு 26. இதுவரை எந்த வாத்தியமும் தொட்டதில்ல. சின்ன வயசுல கொஞ்ச நாள் பாட்டு கத்துக்கிட்டதால சுருதி ஓரளவு பிடிபடும். பாடிக்கிட்டே வாசிக்கணும், பெரும்பாலும் சினிமாப் பாட்டு. மேடை ஏறுற எண்ணமெல்லாம் இல்ல.

இப்ப என் முன்னாடி மூணு வழி இருக்கு. ஒரு கடையில 38 இன்ச் கட்அவே கிட்டார் 3,500 ரூபாய்க்குத் தர்றாங்க. பை, பெல்ட், பிக், உபரியா ஒரு செட் கம்பி எல்லாம் அதுலயே அடக்கம். ரெண்டாவது, எல்லாரும் சொல்ற யமஹா எஃப்280 இல்லன்னா எஃப்310. மூணாவது, ஆபீஸ்ல ஒரு அக்கா வீட்டுல சும்மா கிடக்குற நைலான் கிட்டாரை 3,000 ரூபாய்க்குத் தரேங்குறாங்க. என் கை கொஞ்சம் சின்னது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பொடிநடை (திருச்சி)

நான் சொல்றது 3,500 ரூபாய் கிட்டார்தான். என் தம்பியும் சித்தி பையனும் ஆசையா வாங்கிட்டு, கொஞ்ச மாசத்துலயே பரண்ல ஏத்திட்டாங்க. எடுத்த எடுப்புல பத்தாயிரம் எதுக்கு? முதல்ல ஆர்வம் நிக்குதான்னு பாருங்க. நின்னா அப்புறம் நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாம்.

மரத்தச்சன் (கோவை)

பொடிநடை, உங்க தம்பி பரண்ல ஏத்துனது எந்த கிட்டாருங்க? அதுவும் இந்த மாதிரி 38 இன்ச்சா? காரணமாத்தான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கிட்டார் ரிப்பேர்தான் எனக்குத் தொழில். "பையனுக்கு ஆர்வம் போயிருச்சு, இதை வித்துக் குடுங்க"ன்னு கொண்டு வருவாங்க. வாங்குனதும் பன்னண்டாவது ஃப்ரெட்டுல ஸ்டீல் ஸ்கேலை வெச்சுப் பார்ப்பேன். (கழுத்து மாதிரி நீளமா இருக்கற நெக் மேல குறுக்கே பதிச்சிருக்கற உலோகப் பட்டைதான் ஃப்ரெட்.) ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல 4 மில்லிமீட்டர் இருக்கும், சிலதுல 5 கூட. தினமும் வாசிக்கற எனக்கே அதுல எஃப் கார்டு (கார்டுன்னா பல சுரம் சேர்ந்து ஒலிக்கற விரல் பிடி) பிடிச்சா விரல் கடுக்குது. புதுசாக் கத்துக்கற பையன் என்ன செய்வான்? தனக்கு வரலேன்னு நினைச்சுக்கறான். வராதது அவன் குத்தம் இல்லீங்க. சைஸ் பத்தாத செருப்பைப் போட்டு நடக்கச் சொன்ன கதைதான் அது.

ஸ்டீல் கம்பி அகூஸ்டிக்குல பன்னண்டாவது ஃப்ரெட்டுகிட்ட தடிச்ச ஈ கம்பி 2லேருந்து 2.5 மி.மீ., மெல்லிய ஈ கம்பி 1.5லேருந்து 2 மி.மீ. உயரத்துல இருந்தா விரலுக்கு இதமா இருக்கும். இதைத்தான் ஆக்‌ஷன்னு சொல்றோம். நைலான் கிட்டார்ல கம்பி அகலமா அதிரும், அதனால 3.5லேருந்து 4 வரைக்கும் வெக்கறது வழக்கம். கம்பி மிருதுவா இருக்கறதால அங்க அது கஷ்டமாத் தெரியாது.

இந்த உயரத்தை முடிவு பண்றது மூணு இடம். தலைப்பக்கம் கம்பியைத் தாங்கற நட், நெக்கோட வளைவு, உடம்பு மேல கம்பியைக் கட்டற பிரிட்ஜுல கம்பியைத் தாங்கற சேடில். நல்ல கிட்டார்ல மூணையும் சரிபண்ண வழி இருக்கும். நெக்குக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி ஓடும், அதை ஆலன் கீயால கால் சுத்து கால் சுத்தாத் திருப்பி வளைவைச் சரிபண்ணலாம். சேடிலைக் கழட்டி அடிப்பக்கம் தேய்ச்சா கம்பி இறங்கும். பன்னண்டாவது ஃப்ரெட்டுல அரை மி.மீ. குறையணும்னா சேடில்ல ஒரு மி.மீ. தேய்க்கணும், கணக்கு அப்படித்தான். ரொம்ப மலிவான கிட்டார்ல சிக்கல் என்னன்னா, ட்ரஸ் ராடே இருக்காது, இல்லே இருந்தும் வேலை செய்யாது. ஃப்ரெட்டெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு இருக்கும். கம்பியை இறக்குனா ஃப்ரெட்டுல பட்டு ஜிர்ர்னு அடிக்கும், ஏத்துனா விரல் கிழியும். அதைச் சரிபண்ண ஆகற கூலி கிட்டார் விலையைத் தாண்டிரும்.

அதனால அம்மணி, பத்தாயிரத்தையும் கிட்டாருக்கே போட்டுறாதீங்க. ஒரு ஆயிரம், ஆயிரத்து ஐநூறை செட்டப்புக்குன்னு, அதாவது இந்த மூணு இடத்தையும் சரிபண்ற வேலைக்குன்னு, எடுத்து வெச்சிருங்க. கடையில இருந்து வர்ற புது கிட்டார் பெரும்பாலும் ஆக்‌ஷன் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். செட்டப் பண்ணுன எட்டாயிரம் ரூபாய் கிட்டாரை, செட்டப் பண்ணாத பதினஞ்சாயிரம் ரூபாய் கிட்டாரைவிட நம்பி வாசிக்கலாம். பிராண்டு, மரம், பளபளப்பு எல்லாம் இதுக்கு அப்புறந்தாங்க.

ஆறுகம்பி (சென்னை)

நான் கிட்டார் ஆசிரியர். மரத்தச்சன் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். என்னிடம் வரும் மாணவர்களில் முதல் இரண்டு மாதத்திலேயே நின்றுவிடுபவர்களின் கிட்டாரை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் இதே கதைதான்.

நைலானா ஸ்டீலா என்ற கேள்விக்கு வருகிறேன். நைலான் விரலுக்கு மென்மை, எனவே புதியவர்களுக்கு அதுவே நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. ஸ்டீல் கம்பியில் வழக்கமான 12 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன் அளவு) செட் போட்டால் ஆறு கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலானில் அது நாற்பது கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே வலி குறைவு என்பது உண்மை. ஆனால் நைலான் கிட்டாரின் நெக் அகலம். நட் பகுதியில் அது 52 மி.மீ. இருக்கும், யமஹா எஃப் வரிசையிலோ 43 மி.மீ. தான். சின்னக் கை உள்ளவருக்கு இந்த ஒன்பது மி.மீ. பெரிய விஷயம். கட்டைவிரலைப் பின்னால் வைத்து மணிக்கட்டை அதிகம் வளைக்காமல் பழகும் கிளாசிக்கல் முறையில் உட்கார்ந்து வாசித்தால் அகலம் தொந்தரவு தராது. சோபாவில் சாய்ந்துகொண்டு பாடியபடி வாசிப்பவருக்குத் தரும்.

எனவே என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் நைலான்தான், மறுபேச்சே இல்லை. அந்த முறைக்கென்று ஒரு ஆழம் உண்டு. இளையராஜா டிரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார் படித்தவர் என்பதை அவர் பாடல்களில் கிட்டார் நடக்கும் விதத்திலேயே கேட்கலாம். பாடிக்கொண்டே கார்டு பிடித்து ஸ்ட்ரம் பண்ணுவதுதான் (கம்பிகளைச் சேர்த்து மீட்டுவதுதான்) நோக்கம் என்றால் ஸ்டீல். விரல் நுனி காய்த்துப்போகச் சில வாரங்கள் ஆகும், அதற்குப் பிறகு வலி பெரிதாகத் தெரியாது.

இன்னொன்று. வைகைக்கரைக்கு எஃப்310 உடம்பு பெரிதாக இருக்கலாம். டிரெட்நாட் என்ற அந்த வடிவம் இடுப்புப் பகுதியில் தடிமன். வலது கை அதைத் தாண்டி வர வேண்டியிருப்பதால் தோள் தூக்கிக்கொள்ளும். எஃப்எஸ்80சி மாதிரி சிறிய உடம்பு உள்ளதையும் மடியில் வைத்துப் பாருங்கள்.

நெய்தல் (தூத்துக்குடி)

எலெக்ட்ரிக் கிட்டாரைப் பத்தி ஒருத்தருமே பேசலையே? விரல் வலிதான் பயம்னா அதுக்கு எலெக்ட்ரிக்தான் மருந்து. 9-42 கேஜ் மெல்லிசு கம்பி, ஆக்‌ஷனும் கீழ, நெக்கும் ஒல்லி. ஹெட்போன் போட்டு ராத்திரி பன்னண்டு மணிக்கு வாசிச்சாலும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது. நான் ஆரம்பிச்சதே அதுலதான், பேர் கார்டு (ஒரே விரலால கம்பிகளைக் குறுக்கே அழுத்துற பிடி, எஃப் மாதிரி) சீக்கிரமே வந்துச்சு. அகூஸ்டிக்ல கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டாத்தான் விரலுக்கு பலம்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். அவங்கவங்களுக்குப் பிடிச்ச சத்தம் எதுல வருதோ அதுல ஆரம்பிக்கணும்.

ஆறுகம்பி (சென்னை)

கடைசி வரியை நானும் அப்படியே ஏற்கிறேன். ராக் கேட்டு வளர்ந்த பையனிடம் நைலான் கிட்டாரைக் கொடுத்து உட்கார வைப்பது அநியாயம். ஆனால் இங்கே பட்ஜெட் பத்தாயிரம். அதற்குள் கிட்டார், ஆம்ப், கேபிள் மூன்றும் வர வேண்டுமென்றால் மூன்றுமே சுமாராகத்தான் வரும். இவருக்குத் தேவை குரலோடு சேரும் சத்தம், கரண்ட் இல்லாதபோதும் எடுத்து வாசிக்கக்கூடியது.

வைகைக்கரை (மதுரை)

இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்ல, ரொம்ப நன்றி. 3,500 ரூபாய் கிட்டாரை விட்டுட்டேன். அக்கா வீட்டு நைலான் கிட்டாரை மட்டும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன், அவங்க மனசு கஷ்டப்படக்கூடாது. வாசிக்கத் தெரியாத நான் போய் எதைப் பார்க்கணும் அண்ணா?

மரத்தச்சன் (கோவை)

வாசிக்கத் தெரியாமயே பார்க்கலாம். ஒரு ஏ4 தாளும் போன்ல ட்யூனர் ஆப்பும் இருந்தாப் போதும்.

தாளோட ஓரத்தை பிரிட்ஜுக்குப் பின்னாடி, அது மரத்தோட சேர்ற இடத்துல வெச்சு மெல்லத் தள்ளுங்க. உள்ள போகக் கூடாது. போச்சுன்னா பிரிட்ஜ் தூக்குதுன்னு அர்த்தம். அப்படியே பிரிட்ஜுக்குப் பின்னாடி பலகை வயிறு மாதிரி உப்பியிருக்குதான்னு வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பாருங்க. லேசான உப்பல் ஸ்டீல் கிட்டார்ல சகஜம், பயப்பட வேண்டாம்.

அப்புறம் கிட்டாரைத் தூக்கி, உடம்புப் பக்கத்துல இருந்து நெக் வழியா ஒரு கண்ணை மூடிப் பாருங்க. ரெண்டு ஓரமும் ஒரே தளத்துல ஓடணும். முறுக்கிக்கிட்டு இருந்தா அப்பவே வெச்சிருங்க, அதைச் சரிபண்ணி மாளாது.

நட் சரியா இருக்குதான்னு பார்க்க ஒரு சின்ன வழி. கம்பியை மூணாவது ஃப்ரெட்டுல அழுத்திப் பிடிச்சுட்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைப் பாருங்க. ஒரு தாள் கனம்தான் இருக்கணும். அதுக்கு மேல இருந்தா நட் காடி, அதாவது நட்டுல கம்பி உட்கார்ற பள்ளம், உயரம். எஃப் கார்டு வரமாட்டேங்குதுன்னு அழுகறவங்கள்ல பாதிப் பேருக்கு விரல்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க, இந்த நட் காடிதான் கோளாறு. ரெண்டாவது ஃப்ரெட்டுல அதே வடிவத்தைப் பிடிச்சா சுலபமா வந்துதுன்னா சந்தேகமே வேண்டாம், நட்டுதான்.

கடைசியா ஆறு கம்பியையும் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ-ன்னு சேர்த்துட்டு, ஒவ்வொண்ணையும் முதல் ஃப்ரெட்டுல இருந்து பன்னண்டு வரைக்கும் ஒவ்வொரு இடமா அழுத்தி மீட்டுங்க. 72 இடம், பத்து நிமிஷம்கூட ஆகாது. எங்க ஜிர்ர்னு வருது, எங்க சத்தம் அமுங்குதுன்னு காதே சொல்லிரும். பன்னண்டாவதுல அழுத்தும்போது அதே சுரம் மேல் ஸ்தாயில வரணும். உங்களுக்குத்தான் சுருதி தெரியுமே, ட்யூனர்கூட வேண்டாம்.

வைகைக்கரை (மதுரை)

நேத்து போய்ப் பார்த்தேன். தாள் ஒரு விரற்கடை உள்ள போயிடுச்சு! அப்புறம்தான் கவனிச்சேன், அதுல போட்டிருக்கறது நைலானே இல்ல. ஆறும் ஸ்டீல் கம்பி. அக்கா பையன் நைலான் அறுந்ததும் கடையில கேட்டு வாங்கிப் போட்டிருக்கான்.

மரத்தச்சன் (கோவை)

அதேதாங்க. நாற்பது கிலோ இழுவைக்குன்னு செஞ்ச பலகை மேல அறுபது, எழுபது கிலோவை ஏத்துனா பிரிட்ஜ் பிச்சுக்கிட்டுத்தான் வரும். இதைப் படிக்கற எல்லாருக்கும் சொல்றேன்: நைலான் கிட்டார்ல ஸ்டீல் கம்பி போடவே போடாதீங்க. எந்த ரகம்னு தெரியலேன்னா தலையைப் பாருங்க. நடுவுல ரெண்டு நீள ஓட்டை இருந்து, பிரிட்ஜுல கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தா நைலான் கிட்டார். பிரிட்ஜுல ஆறு முளை குத்தியிருந்தா ஸ்டீல்.

அக்காகிட்ட அந்தக் கம்பிகளை இன்னைக்கே தளர்த்தி வெக்கச் சொல்லுங்க. நெக் நேரா இருந்தா பிரிட்ஜைக் கழட்டி ஒட்டி மறுபடி உயிர் குடுக்கலாம். உங்களுக்கு அது வேண்டாம், அவங்க வீட்டுலயே வாசிக்கட்டும்.

காட்டுப்பாதை (நீலகிரி)

நடுவில் ஒரு கேள்வி. பழைய கிட்டார்களில் ஃப்ரெட் பலகை ரோஸ்வுட் என்று போட்டிருக்கும், இப்போது வால்நட், லாரல் என்று வேறு மரங்கள். தரம் குறைந்துவிட்டதா?

மரத்தச்சன் (கோவை)

உங்க ஊர் மரந்தாங்க அது. ரோஸ்வுட்டுன்னு உலகம் பூரா கிட்டாருக்குப் போறதுல ஒரு முக்கிய ரகம் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி, தோதகத்தின்னும் சொல்லுவாங்க. அமெரிக்காவுல மார்ட்டின் கம்பெனி பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு 1969ல நம்ம ஈட்டிக்கு மாறுச்சு. நம்ம மாநிலத்துல இந்த மரத்தைக் காப்பாத்தவே 1994ல தனிச்சட்டம் வந்துச்சு. 2017ல உலகளவுல இந்த மர இனம் முழுக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள்ள வந்தப்ப கம்பெனிகள் வேற மரத்துக்குப் போனாங்க. 2019 கடைசியில செஞ்சு முடிச்ச வாத்தியங்களுக்கு விலக்குக் குடுத்தாலும், மலிவு விலை கிட்டார்கள்ல பலதும் திரும்பி வரலை.

வாசிக்கற கைக்கு இதுல பெரிய வித்தியாசம் இல்லீங்க. வால்நட்டும் நல்ல மரந்தான். மரம் வளரட்டும், அது முக்கியம். கறுப்புச் சாயம் பூசுன மெது மரந்தான் வேண்டாம். ஈரத்துணியில துடைச்சா சாயம் ஒட்டும், அதை வெச்சே கண்டுபிடிச்சிரலாம்.

அதே மாதிரி முன்பலகை முழு மரமா, பிளையா (ஒட்டுப்பலகையா) அப்படின்னு ரொம்பப் பேர் மனசைப் போட்டு உழப்பிக்கறாங்க. முழு ஸ்ப்ரூஸ் பலகை நாள்பட நாள்பட நல்லா ஒலிக்கும், மறுக்கலை. ஆனா அது ஈரத்துக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் அசையும். 45லேருந்து 55 சதம் ஈரப்பதம் கிட்டாருக்கு ஏத்தது. நம்ம கடலோர ஊர்கள்ல எழுபதுக்கு மேல போறது சாதாரணம். முதல் கிட்டாருக்கு பிளையே தாங்கும்.

பொடிநடை (திருச்சி)

தம்பி கிட்டாரை பரண்ல இருந்து இறக்கி ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன் மரத்தச்சன் அண்ணே. நாலரை மி.மீ. நீங்க சொன்னது அப்படியே சரி. நட்ல சின்னதா ஒரு விரிசல் வேற இருக்கு. இதை என்ன பண்ணலாம்?

ஆன்லைன்ல வாங்கறதைப் பத்தியும் சொல்லுங்க, நூறு கிலோமீட்டருக்குக் கடையே இல்லாத ஊர்க்காரங்களும் இதைப் படிப்பாங்க.

மரத்தச்சன் (கோவை)

நட் மாத்தறது சின்ன வேலை, பக்கத்துல ரிப்பேர்காரர்கிட்ட காட்டுங்க. ஆனா முதல்ல நெக்கைப் பாருங்க. முறுக்கு இல்லேன்னா சேடிலையும் தேய்ச்சு ஓரளவுக்குக் கொண்டு வந்து தம்பி கையில மறுபடி குடுங்க. ஃப்ரெட்டு மோசமா இருந்தா செலவு பண்ணாதீங்க.

ஆன்லைன்ல வாங்கினா பெட்டி பிரிக்கறதை வீடியோ எடுங்க, நான் மேல சொன்ன எல்லாச் சோதனையையும் திருப்பி அனுப்பற கெடு முடியறதுக்குள்ள முடிங்க. ஆக்‌ஷன் தூக்கலா இருக்கறதுக்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம், அது செட்டப்ல சரியாயிரும். நெக் முறுக்கு, பிரிட்ஜ் தூக்கல், பலகை விரிசல் இந்த மூணுக்கும் கண்டிப்பாத் திருப்பிருங்க. கடைக்குப் போக முடிஞ்சவங்க கடைக்கே போங்க. ஒரே மாடல்ல ரெண்டு மூணு எடுத்துப் பார்க்கலாம், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் இருக்கும்.

வைகைக்கரை (மதுரை)

வாங்கியாச்சு! எஃப்எஸ்80சி. சென்னைக்குப் பக்கத்துல இருக்கற யமஹா தொழிற்சாலையில செஞ்சதுன்னு கடைக்காரர் சொன்னார், அதுல ஒரு சந்தோஷம்.

எஃப்280யும் மடியில வெச்சுப் பார்த்தேன். ஆறுகம்பி சார் சொன்ன மாதிரியே தோள் தூக்கிக்கிச்சு. எஃப்எஸ்ல ரெண்டு எடுத்துத் தரச் சொல்லி 72 இடமும் மீட்டிப் பார்த்தேன். முதல் கிட்டார்ல டி கம்பி அஞ்சாவது, ஆறாவது ஃப்ரெட்ல ஜிர்ருன்னுச்சு, ரெண்டாவது சுத்தமா இருந்துச்சு. கடைக்காரர் முதல்ல ஒரு மாதிரி பார்த்தார், அப்புறம் அவரே உட்கார்ந்து கூட மீட்டிக் காட்டினார். தடிச்ச ஈ கம்பி 3 மி.மீ. உயரம் இருந்தது, ஊர்லயே ஒரு ரிப்பேர்காரர் சேடிலைத் தேய்ச்சு 2.5க்குக் கொண்டு வந்துட்டார். கம்பியும் 11 கேஜுக்கு மாத்திட்டார். கிளிப் ட்யூனரோட சேர்த்து பட்ஜெட்டை ஐநூறு ரூபாய் தாண்டிச்சு, பரவாயில்ல.

இப்ப ஈ மைனரும் டியும் சத்தம் வருது. சி கார்டுல பி கம்பி அமுங்கிடுது. கை வேற ரொம்ப வேர்க்குது, கம்பி துரு பிடிக்குமோன்னு இருக்கு.

ஆறுகம்பி (சென்னை)

வாழ்த்துகள். சி கார்டில் ஆள்காட்டி விரல்தான் பி கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கிறது. அமுங்குகிறது என்றால் அந்த விரல் ஃப்ரெட்டிலிருந்து பின்னால் தள்ளி நிற்கிறது, அல்லது நுனியில் நிற்காமல் சாய்ந்து கிடக்கிறது. ஃப்ரெட்டை ஒட்டி, அதன் மேல் ஏறாமல், விரல் நுனியை நேராக நிறுத்துங்கள். இடது கை நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் நுனி நிற்காது.

வலி அதிகமாக இருக்கும் நாட்களுக்கு ஒரு வழி: எல்லாக் கம்பிகளையும் அரை சுரம் இறக்கிவிட்டு முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுக்கொள்ளுங்கள். சுருதி பழையபடியே இருக்கும், இழுவையும் உயரமும் குறைந்துவிடும். பாடும்போதும் கேப்போ உங்களுக்கு நிறைய உதவும். உங்கள் குரலுக்கு எந்தச் சுருதி சௌகரியமோ அங்கே அதைப் போட்டு, தெரிந்த நான்கு கார்டுகளை வைத்தே பாட்டை நகர்த்தலாம்.

பேர் கார்டைத் தேடி இப்போது போக வேண்டாம். ஈ மைனரிலிருந்து டிக்குத் தாளம் தப்பாமல் மாறுவது வரும்வரை அந்த இரண்டிலேயே பாடுங்கள்.

மரத்தச்சன் (கோவை)

வேர்வைக் கைக்காரங்க வாசிச்சு முடிச்சதும் உலர்ந்த பருத்தித் துணியால ஒவ்வொரு கம்பியையும் மேலயும் அடியிலயும் துடைங்க, அடிப்பக்கத்துலதான் துரு முதல்ல வரும். கம்பி கறுத்து, விரல் ஓட்டுனா சொரசொரன்னு இருந்து, சுருதி நிக்காமப் போச்சுன்னா மாத்திருங்க, அறுந்து போகட்டும்னு காத்திருக்க வேண்டாம். ஒண்ணொண்ணாக் கழட்டி ஒண்ணொண்ணாப் போடுங்க. அடுத்த செட்டும் 11 கேஜே வாங்குங்க, 12க்குப் போனா நெக் கொஞ்சம் வளைஞ்சு ஆக்‌ஷன் மறுபடி ஏறிரும். சித்திரை வெயில்ல பூட்டுன காருக்குள்ள மட்டும் கிட்டாரை வெச்சுட்டுப் போகாதீங்க, பிரிட்ஜ் பசை இளகிரும்.

மழைக்காலம் வந்ததும் ஒரு தடவை ஸ்கேல் வெச்சு அளந்து, எவ்வளவு வருதுன்னு இங்க போடுங்க அம்மணி. அரை மி.மீ.க்கு மேல மாறியிருந்தா என்ன பண்ணலாம்னு சொல்றேன்.